இந்த எண்ணில் அழைக்க வேண்டாம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பொய் சொல்ல வசதியாக இருக்கும். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் அக்கா மகள் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்து, "சித்தி, நீங்க சும்மாதானே இருக்கீங்க, எனக்கு இருநூறு ஆள் வேணும்" என்றாள்.

"ஆளா? எதுக்குடி?"

"நிஜ ஆள் இல்ல சித்தி. பேரு, வயசு, விலாசம், போன் நம்பர். எல்லாம் பொய்யா இருக்கணும், ஆனா பாத்தா நிஜம் மாதிரி இருக்கணும். கம்ப்யூட்டரே போட்டுக் குடுக்கும், ஆனா அது அப்பனைவிடப் பிள்ளைக்கு வயசு கூடப் போட்டுடுது. நீங்கதான் கதை எழுதுறீங்களே."

புதிதாகச் செய்த மென்பொருளை நிஜ மனிதர்களின் விவரங்களை வைத்துச் சோதிக்கக் கூடாதாம். சோதனையில் ஏதாவது சொதப்பினால் யாரோ ஒருவருடைய அந்தரங்கம் தெருவுக்கு வந்துவிடும். அதனால் இல்லாத மனிதர்களை உண்டாக்கி உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். இருபது வருடமாக நான் செய்துவருவதும் அதுதானே என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒத்துக்கொண்டேன். நாற்பது பேரைப் படைத்ததும் சரக்கு தீர்ந்துவிட்டது. திரும்பப் படித்துப் பார்த்தால் நாற்பதில் முப்பத்தொரு பேர் என் தெருக்காரர்கள். பெயரை மாற்றியிருந்தேன், வயதில் இரண்டைக் கூட்டியிருந்தேன், மற்றபடி ஆள் அப்படியே. பட்டியலைப் பார்த்த அக்கா மகள் திரும்பவும் கூப்பிட்டாள். "சித்தி, பதினாலாவது அம்மா நிஜம்தானே?"

"இல்லவே இல்லை" என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கும் அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

கதை அங்கே பிடித்தது. இனி வருகிறவர்கள் யாரும் நிஜமில்லை. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

2

முதல் தொடக்கம்: "மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறக்கவே முடியாத ஓர் அறையில்,"

(வேண்டாம். அலுவலகக் கதை என்றாலே ஜன்னலில் போய் நின்றுகொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.)

இரண்டாம் தொடக்கம்: "சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம். கைக்குழந்தையாக இருந்தபோதே பால் புட்டியை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான்"

(இதையும் அடித்துவிட்டேன். இப்படி எழுதினால் நீங்கள் சிரித்துவிட்டு அவளைக் கோமாளியாக்கிவிடுவீர்கள். அவள் கோமாளி இல்லை.)

மூன்றாவது நிற்கிறது. அவள் ஒரு டெஸ்டர். மற்றவர்கள் செய்து முடித்த மென்பொருளில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. பத்து வருடமாக அதையே செய்து வருவதால், யாராவது "நல்லா இருக்கியா?" என்று கேட்டால்கூட எதற்காகக் கேட்கிறார் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அது அவளுக்குத் தெரியும். தெரியும் என்பதை யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறாள்.

அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு குடும்ப ஆலோசனை மையத்துக்கான மென்பொருள். வீட்டில் நிம்மதி இல்லாதவர்கள் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரும் இடம் அது. வர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் கணினியே அவர்களுக்குப் போன் செய்யும். "வணக்கம். குடும்ப ஆலோசனை மையத்திலிருந்து பேசுகிறோம். நாளை காலை பதினோரு மணிக்கு உங்கள் சந்திப்பு" என்று கனிவான ஒரு குரல் சொல்லும். எடுத்தது யார் என்று அந்தக் குரல் கேட்காது.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு சோதனை இருந்தது. அழைப்பு போய்ச் சேராவிட்டால் மென்பொருள் அதைச் சரியாகக் குறித்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக ஐந்நூறு பொய் மனிதர்கள், ஐந்நூறு பொய் எண்கள். பொய் எண் என்றால் மூன்று பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது அந்த அலுவலகத்து வழக்கம். அப்படித் தொடங்கும் எண் எந்த வீட்டிலும் கிடையாது. ஐந்நூறு அழைப்பும் தோற்றால்தான் சோதனை ஜெயிக்கும். வாழ்க்கையில் வேறு எங்கும் அவளுக்கு இவ்வளவு சுலபமான வெற்றி கிடைத்ததில்லை.

3

ஐந்நூறு பேரையும் உண்டாக்கித் தருகிறவர் தரவுத்தளத்துக்குப் பொறுப்பானவர். விவரங்களெல்லாம் குடியிருக்கும் இடத்துக்குத் தரவுத்தளம் என்று பெயர். அங்கே இரண்டு இருந்தன. ஒன்றில் மையத்துக்கு உண்மையிலேயே வந்துபோகிறவர்கள். இன்னொன்றில் பொய்யர்கள், மன்னிக்கவும், பொய் மனிதர்கள். இரண்டுக்கும் சாவி அவர் ஒருவரிடம்தான். வாரத்துக்கு ஐந்நூறு பேரைப் படைத்துத் தள்ளுவதால் எல்லோரும் அவரைப் பிரம்மா என்றார்கள். ஐம்பதை நெருங்கும் வயது. கசங்காத சட்டை. சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, துடைத்து, மூடியைத் தனியாகக் கவிழ்த்து வைக்கும் சுத்தம். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.*

* "குரலை உயர்த்தாதவர்" என்று எழுதியதுமே நீங்கள் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்திருப்பீர்கள். முன்பு எழுதிய படியில் அவரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். அப்போதும் சந்தேகப்பட்டிருப்பீர்கள். கதையில் ஒரு ஆணைச் சும்மா சாப்பிட்டுக் கைகழுவக்கூட விடமாட்டேன் என்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பிரம்மா அனுப்பிய பட்டியலை அவள் திறந்தாள். முந்நூற்றுப் பதினாறு பேரை ஒவ்வொருவராகப் பார்த்து முடித்தாள். எல்லோருக்கும் விலாசம் இருந்தது, தொழில் இருந்தது, குறிப்பு என்ற கட்டத்தில் "மாலையில் அழைக்கவும்" மாதிரி ஏதாவது ஒன்று இருந்தது. பொய்யாக ஆள் தயாரிக்கிறவர்களுக்குக் காலிக் கட்டத்தைக் கண்டால் பயம், எல்லாவற்றையும் நிரப்பிவிடுவார்கள். நிஜ மனிதர்கள்தான் பாதியைச் சொல்லாமல் விடுவார்கள். இது அவளுடைய பத்து வருட அனுபவம்.

317 இப்படி இருந்தது.

பெண். வயது 41. தொழில்: காலி. விலாசம்: காலி. கணவர் பெயர்: காலி. தொலைபேசி: ஒரு வீட்டு எண். குறிப்பு: "இந்த எண்ணில் அழைக்க வேண்டாம். யாராவது கேட்டால் தையல் வகுப்பு என்று சொல்லவும்."

எண் மூன்று பூஜ்யத்தில் தொடங்கவில்லை.

(அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். கதைக்காக நான் எதைப் போட்டாலும் அது எங்கேயோ ஒரு கூடத்தில் மணியடிக்கும்.)

அவளுக்கு மூக்கில் வியர்த்தது. இந்தப் பெண்ணை யாரும் தயாரிக்கவில்லை, எங்கிருந்தோ எடுத்து வந்திருக்கிறார்கள் என்று பட்டது. மையத்தின் வரவேற்பு மேசையில் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னதை அங்கிருந்த யாரோ அப்படியே தட்டியிருக்கிறார்கள். அது நிஜமென்றால் வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கனிவான அந்தக் குரல் அவள் வீட்டில் மணியடித்து, எடுக்கிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். மென்பொருள் குறிப்பைப் படிக்காது, எண்ணை மட்டும்தான் படிக்கும்.

நிஜமா பொய்யா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த எண்ணைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அதைத்தான் செய்ய வேண்டாம் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

4

நேராகப் பிரம்மாவின் மேசைக்குப் போனாள். (ஒரு படியில் அவளை மூன்று பத்தி தயங்க வைத்திருந்தேன். அவள் தயங்குகிற ரகமில்லை. வெட்டிவிட்டேன்.)

"சார், இந்த 317 யாரு?"

"யாரும் இல்லம்மா. நான் பண்ணினதுதான்."

"மத்தவங்க எல்லாருக்கும் விலாசம் இருக்கு. இவங்களுக்கு மட்டும் இல்லையே?"

"எல்லாக் கட்டமும் ரொம்பி இருந்தா நிஜம் மாதிரி இல்லன்னு போன மாசம் நீதானேம்மா சொன்னே?"

சொல்லியிருந்தாள். அவளுடைய ஆயுதத்தையே எடுத்து அவள்மேல் வீசுகிறார் என்று நினைத்தாள். அல்லது மனிதர் சொன்னதை மதித்துக் கேட்டிருக்கிறார்.

"நம்பர் பூஜ்யத்துல ஆரம்பிக்கல சார்."

"அப்படியா? வாயில வந்ததைப் போட்டிருப்பேன்."

"தையல் வகுப்பு?"

அதற்கு அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "நல்லா இருக்கா?" என்றார்.

(இந்த "நல்லா இருக்கா?" எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. தானே எழுதியவன்தான் இப்படிக் கேட்பான். ஆனால் வேறொருவர் எழுதியதைத் தன்னுடையதாக்கிக்கொண்டவன் இன்னும் ஆசையாகக் கேட்பான். இரண்டு விதத்திலும் நான் கேட்டிருக்கிறேன்.)

அவள் விடவில்லை. நூல் விட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு சார். அதான் பயமா இருக்கு. ஒருவேளை இது நிஜம்னா, இந்தம்மாவோட வீட்டுக்காரர் கண்ணுல மட்டும் படவே கூடாது."

"ஏம்மா அப்படிச் சொல்றே?"

"படிச்சாலே தெரியுதே சார். பயந்துக்கிட்டுச் சொல்லியிருக்காங்க."

பிரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்த இரண்டு வரியையும் மெதுவாக, உதடு அசையப் படித்தார். "பயமா? இதுல பயம் எங்கம்மா இருக்கு? எனக்குத் தெரியலையே" என்றார். பிடி கொடுக்காமல் பேசுகிற தொனி அதில் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்.

"நம்பரை மட்டும் மாத்திடட்டுமா சார்?"

"வேண்டாம் வேண்டாம், இருக்கட்டும். ஐந்நூறும் ஒரே மாதிரி இருந்தா அப்புறம் என்ன டெஸ்ட்டு?"

அடுத்து மேலாளரிடம் போனாள். மேலாளர் அம்மாவுக்கு அறிக்கையில் எல்லாம் பச்சையாக இருந்தால் போதும், உலகம் நன்றாக இருப்பதாக அர்த்தம். "ஒரு நம்பர் எங்கேயோ அடிச்சாத்தான் என்ன? ராங் நம்பர்னு வெச்சிடப் போறாங்க. உனக்கு வேணாம்னா அந்த ஒண்ணை எடுத்துடு. ஆனா ஏன் எடுத்தேன்னு அறிக்கையில காரணம் எழுதணும்."

காரணம் எழுதுவது என்றால், நிஜ விவரத்தை எடுத்து வந்து சோதனையில் கலந்துவிட்டார் என்று பிரம்மாமேல் பழி போடுவது. உண்மையென்றால் அவர் வேலை போகும். பொய்யென்றால் இவள் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள். அவள் 317ஐ எடுக்காமலே தன் மேசைக்குத் திரும்பினாள்.

5

இந்த இடத்தில் நான் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன். கதைக்கு ஒரு பெண் வேண்டும். அந்த 317ஐ எங்காவது சதையும் ரத்தமுமாகக் காட்ட வேண்டும் என்று கை அரித்தது. பூதக்கண்ணாடியின் அண்ணியையே 317 ஆக்கிவிட்டால் என்ன? அண்ணி செவ்வாய்க்கிழமைதோறும் மதியம் வெளியே போகிறாள், எங்கே என்று யாரும் கேட்பதில்லை. எழுதியும் பார்த்தேன். "அண்ணியின் கைப்பையில் தையல் ஊசி ஒன்றுகூட இல்லை என்பதை அவள் அன்றுதான்"

(நிறுத்திவிட்டேன். இது காதில் பூ சுற்றுவது. உலகத்தில் வேறு வீடே இல்லையா?)

ஆனால் நான் அடித்துவிட்டேன் என்பதற்காகப் பூதக்கண்ணாடி சும்மா இருப்பாளா? செவ்வாய் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு அண்ணியையே பார்த்தாள். பட்டியலில் இருந்தது அவர்கள் வீட்டு எண் இல்லை. அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் பார்த்தாள்.

"என்னடி, என்னை இப்பத்தான் புதுசாப் பாக்குறியா?" என்றாள் அண்ணி.

"அண்ணி, உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"பட்டன் வெப்பேன். ஏன், எது பிஞ்சு போச்சு?"

"செவ்வாய்க்கிழமை எங்கே போறீங்க?"

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கம்மாவுக்குக் கால்வலி. போய் மருந்து தேச்சுட்டு வரேன். உங்கண்ணனுக்குத் தெரியும். உனக்கும் போன வருஷமே சொன்னேன், நீதான் காதுல வாங்கல. இப்ப என்ன, வீட்டுக்குள்ளேயே டெஸ்ட் பண்றியா?"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. நடந்ததை எல்லாம் கொட்டினாள். அண்ணி முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சரி, அவ்வளவு பயம்னா அந்தப் பொம்பளை எதுக்கு வீட்டு நம்பரைக் குடுத்தா? குடுக்காமலே இருந்திருக்கலாமே?"

6

குடுக்காமல் இருந்திருக்க முடியாது.

இவர்கள் அலுவலகம் முன்பே செய்துகொடுத்த, மையத்தின் பதிவுப் படிவத்தில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியாது. போன வருடம் வரை போக முடிந்தது. எண் இல்லாமலே படிவம் உள்ளே போகிறது என்று கண்டுபிடித்து, "மிகக் கடுமையான குறை" என்று எழுதி, அந்த நட்சத்திரத்தைப் போட வைத்தவள் பூதக்கண்ணாடிதான். அந்த மாதம் மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளுக்குக் கைதட்டினார். விலாசம் வேண்டாம், தொழில் வேண்டாம், கணவர் பெயர்கூட வேண்டாம் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஒருத்தி, அந்த ஒரு கட்டத்தில் தப்ப முடியாமல் நின்றிருக்கிறாள். கைப்பேசி இல்லாமல் இருக்கலாம், அல்லது அது அவள் கையில் இல்லாமல் இருக்கலாம். தெரிந்த ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு, "ஆனா கூப்பிடாதீங்க" என்று கெஞ்சியிருக்கிறாள்.

பூதக்கண்ணாடிக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அண்ணி இரண்டு தரம் அதட்டிய பிறகுதான் வாயில் வைத்தாள்.

மறுநாள் புதன்கிழமை. பிரம்மா வியாழன் மதியத்துக்கு லீவு கேட்டிருக்கிறார் என்று மேலாளர் சொன்னார். சோதனை நாளில் அவர் லீவு எடுத்து யாரும் பார்த்ததில்லை.

"எதுக்காம் மேடம்?"

"மூணு மணிக்கு வீட்டுல இருக்கணுமாம். வேற ஒண்ணும் சொல்லல. உனக்கு எதாவது டவுட்னா வீட்டுக்குப் போன் பண்ணு. நம்பர் ஜெராக்ஸ் மெஷின் மேல ஒட்டியிருக்கற லிஸ்ட்ல இருக்கு."

ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே, அவசரத்துக்கு யார் வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்வது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஓரம் சுருண்டு போன தாள். விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தாள். பிரம்மா வீட்டு எண்ணும் 317இன் எண்ணும் ஒன்று.

"இந்தம்மாவோட வீட்டுக்காரர் கண்ணுல மட்டும் படவே கூடாது" என்று யாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்! ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று அவர் கேட்டபோது, அந்த வரிகளில் பயம் இருக்கிறது என்று நல்ல பிள்ளையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

7

அவசரப்படாதீர்கள். உங்களைச் சூடேற்றிவிட்டு அப்படியே ஓடவிடுவது எனக்கும் சுலபம்தான். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பொய் விவரம் போட்டுப் போட்டுக் கை சோர்ந்தால் எல்லோரும் சொந்த நம்பரைத்தான் போடுவார்கள். பூதக்கண்ணாடியே தன் பிறந்த தேதியை முப்பது பொய் மனிதர்களுக்குத் தானம் செய்திருக்கிறாள். ஐந்நூறும் தோற்கிற சோதனையில் ஒன்றாவது அடிக்கிறதா என்று பார்க்க, வேண்டுமென்றே தன் வீட்டு எண்ணைப் போட்டுவிட்டு, அதைக் கேட்க வீட்டுக்குப் போகிற வேலைக்காரராக அவர் இருக்கக் கூடாதா? வயது 41, தையல் வகுப்பு எல்லாம் அவர் கற்பனையாகவே இருக்கலாம். சாவி கையில் இருப்பதால் மட்டும் ஒருவர் திறந்து பார்த்தார் என்று சொல்லிவிட முடியுமா?

இருக்கலாம். அல்லது பொய் மனிதர்களைத் தயாரிப்பதற்காக நிஜ மனிதர்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தன் வீட்டு எண் அவர் கண்ணில் பட்டிருக்கலாம். மனைவி வாரா வாரம் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகும் இரண்டு வழி இருக்கிறது. மூன்று மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து, மணியடித்ததும் "நீயே எடு" என்று மனைவியிடம் சொல்லி, அவள் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கிற மனிதர் ஒருவர். தன் மனைவிக்குத் தன்னிடம் பயம் என்று ஒரு பட்டியலிலிருந்து தெரிந்துகொண்டு, நம்ப முடியாமல், அந்த வரியை இன்னொருத்தி கண்ணில் படும்படி வைத்து, "இதுல பயம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்ட மனிதர் இன்னொருவர். இருவருக்கும் ஒரே கண்ணாடி, ஒரே சட்டை. நான்தான் அவரை எழுதினேன், எனக்கே தெரியவில்லை.

அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் நான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், அவளுக்கு வியாழக்கிழமை வந்துவிட்டது.

8

முடிவுகள் மூன்று எழுதினேன்.

(அ) அவள் மையத்துக்கு நேரில் போய் எச்சரிக்கிறாள். வரவேற்பில் இருப்பவர், "இவங்க விவரம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்கிறார். அவள் பதில் சொல்ல வாயைத் திற

(திறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்னால் அலுவலகமே கவிழும். அதற்கு அவள் துணிந்தாலும், மையத்தார் முதலில் செய்யப்போவது அந்த எண்ணுக்குப் போன் போட்டு விசாரிப்பதுதான்.)

(ஆ) எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றிவிடுகிறாள். மணி வேறு வீட்டில் அடிக்கிறது. எடுப்பது யார் என்று

(அந்த வீட்டில் யாருக்கு யாரிடம் பயமோ? வேண்டாம்.)

(இ) இது நடந்தது. அதாவது, நடந்ததாக நான் முடிவு செய்தது.

வியாழன் மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் 317க்கு நேரே இருந்த குறியை எடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் கர்சர் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது. "டெஸ்டரின் கவனக்குறைவு" என்று எழுதினாள். பத்து வருடத்தில் அவள்மேல் விழுந்த முதல் கவனக்குறைவு அது. அப்படி ஒரு பெண் இருக்கிறாளா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. இல்லாவிட்டால் ஒன்றும் நஷ்டமில்லை. இருந்தால், இருப்பவளுக்காக ஒருத்தி இதையாவது செய்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். பிறகு சோதனையைத் தொடங்கிவைத்தாள்.

நிமிடத்துக்கு இருபது அழைப்பு. ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டே வந்தன. முந்நூற்றுப் பதினாறு தோற்றது. முந்நூற்றுப் பதினெட்டு தோற்றது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் திருப்தியாக டீ குடிக்கப் போனார்.

மூன்று பத்தொன்பதுக்கு அவள் மேசைத் தொலைபேசி அடித்தது.

"நான்தாம்மா" என்றார் பிரம்மா. பின்னால் வீட்டுச் சத்தம் எதுவுமே இல்லை. டிவி இல்லை, பாத்திரம் இல்லை. "317 வரலையே?"

அவள் திரையில் 317க்கு நேரே இருந்த காலிக் கட்டத்தைப் பார்த்தாள்.

"மூணு பதினாறுக்கு வந்திருக்கணும். நாங்க ரெண்டு பேரும் இங்கயேதான் உக்காந்திருக்கோம். வரலையே, என்ன ஆச்சு?"

ரெண்டு பேரும்.

(இந்த இடத்தில் அவளுக்கு நான் ஒரு பதில் எழுதித் தர முயன்றேன். "நெட்வொர்க் பிரச்சினை சார்." "மறுபடி முயற்சி பண்றேன் சார்." எல்லாம் சப்பைக்கட்டு. எதைச் சொன்னாலும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருத்திக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசித்தேன். கடைசியில் அவளே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.)

அவள் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு கேள்விகள் மனதில் ஓடின. இவர் வேலையில் கெட்டிக்கார அசடா, அல்லது வீட்டில் வேறு ஆளா? எதுவாக இருந்தாலும் சொல்வதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அதை அவரே செவ்வாய்க்கிழமை அவள் கையில் கொடுத்திருந்தார்.

"அப்படி யாருமே இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள். "அந்தம்மாவை நீங்கதானே கற்பனை பண்ணி எழுதினீங்க? இல்லாத ஆளுக்கு எப்படி சார் போன் வரும்?"



அவர் சிரித்திருந்தால், சொந்த வீட்டு நம்பரைப் போட்டுவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்த ஒரு சாதாரண மனிதரைத்தான் அவளும் நீங்களும் நானும் மூன்று நாளாகக் கரித்துக்கொட்டியிருக்கிறோம். சிரிக்காவிட்டால், தான் சொன்ன பொய்யே குறுக்கே வந்து நிற்க, அதைத் தாண்ட முடியாமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தாண்ட வேண்டுமென்றால் "அவள் இருக்கிறாள், இதோ என் எதிரில் இருக்கிறாள், உன் பட்டியலில் அவளைப் போட்டது நான்தான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் சொல்கிற ஆள் அவர் இல்லை என்பது என் நம்பிக்கை. நம்பிக்கைதான், உறுதி இல்லை.

அவர் சிரித்தாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. எனக்கு இரண்டும் எழுத வரும், அதனால்தான் எழுதப் பயமாக இருக்கிறது. அதை உங்களிடம் விடுகிறேன். ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லிவிட்டு அவள் காத்திருக்கிறாள். கேள்வி கேட்டவர் பேசாமல் நிற்கிறார். அவருக்கு எதிரே நாற்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கத்தில் யார், என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.